கட்டிப்பால் ரசீதும் ஐ.பி.ஜி. பணமும்

கெடா பாலிங் மாவட்டத்துக் கோலக்கெட்டில் பக்கம் மூன்று ஏக்கர், ஐந்து ஏக்கர் என்று பால்மரம் வைத்திருப்பவர்கள் ரப்பர் கடையில் சந்தித்தால் முதலில் கேட்பது, "அண்ணே, ஐ.பி.ஜி. ஏறிடுச்சா?" என்பதுதான். ஒருவருக்கு அந்த அரசாங்க ஊக்கத்தொகை ஏறியிருக்கும். அடுத்த நிரைக்காரருக்கு ஏறியிருக்காது. உடனே புத்ராஜெயாவைத் திட்ட ஆரம்பித்துவிடுகிறோம். திட்டுவதற்குக் காரணங்கள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வராத பணத்தைத் தேடிப் போனால், பெரும்பாலும் அது நின்றுபோன இடம் தராசுக்குப் பக்கத்தில் எழுதிய ரசீதாகவோ, ரப்பர் விற்கும் அனுமதிக் கார்டில் உள்ள பெயராகவோ, தாத்தா பெயரிலேயே கிடக்கும் கிராண்டாகவோ (நிலப் பட்டா) இருக்கும்.

முதலில் திட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம். ஐ.பி.ஜி. என்பது ரப்பர் உற்பத்தி ஊக்கத்தொகை. 2015-இல் தொடங்கியது. மலேசிய ரப்பர் வாரியம், அதாவது எல்.ஜி.எம்., இதை நடத்துகிறது. அரசாங்கம் ஒரு வரம்பு விலையை வைக்கிறது. ஒரு மாதத்தில் சிறுதோட்டக்காரர்களுக்குக் கிடைத்த சராசரி விலை அந்த வரம்புக்குக் கீழே போனால், இடைவெளியைக் கிலோ கணக்கில் கொடுக்கிறது. விலை வரம்பைத் தாண்டிவிட்டால் அந்த மாதத்துக்கு ஒன்றும் இல்லை. வரம்பு 2.50 வெள்ளியாக இருந்தது. 2023 வரவு செலவுத் திட்டத்தில் 2.70 ஆனது, 2024-க்கான திட்டத்தில் 3 வெள்ளி ஆனது. தீபகற்பம், சபா, சரவாக் மூன்றுக்கும் சராசரியைத் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். அதனால் சரவாக்கில் உள்ள சொந்தக்காரர் 40 காசு வந்தது என்று சொன்னால் நமக்கும் 40 காசு வரும் என்று நினைக்கக் கூடாது.

கணக்கு எளிது. வரம்பு 3 வெள்ளி, தீபகற்பத்தின் மாதச் சராசரி 2.60 என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 40 காசு. அந்த மாதம் உங்கள் கார்டில் 250 கிலோ பதிவாகியிருந்தால் 100 வெள்ளி. பதிவாகியிருந்தால் என்பதைக் கவனியுங்கள். மரத்திலிருந்து எவ்வளவு வந்தது என்பது யாருக்கும் தெரியாது. கார்டில் எவ்வளவு ஏறியது என்பதுதான் தெரியும்.

இங்கே பலர் இடறும் இடம் ஒன்று இருக்கிறது. அந்த 3 வெள்ளி, 50 விழுக்காடு உலர் ரப்பர் உள்ள கட்டிப்பாலுக்கான, அதாவது மங்கிலேயே உறைந்த பாலுக்கான, விலை. அப்படியென்றால் முழுக்க உலர்ந்த ரப்பர் ஒரு கிலோ 6 வெள்ளி. 45 விழுக்காடு உள்ள கட்டிப்பால் அதே கணக்கில் 2.70 ஆகும், 60 விழுக்காடு உள்ளது 3.60 ஆகும். தவுக்கே, அதாவது ரப்பர் வாங்கும் கடைக்காரர், கட்டிப்பாலை அமுக்கிப் பார்த்து, "இது நாப்பதுதான்" என்று சொன்னால் விலை 2.40-க்கு இறங்கிவிடும். அதைப் பார்த்துவிட்டு, "3 வெள்ளிக்கு 60 காசு குறையுது, அரசாங்கம் அந்த 60 காசைத் தரும்" என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தராது. சராசரிக்கும் வரம்புக்கும் உள்ள இடைவெளிதான் எல்லாருக்கும் ஒரே மாதிரி வரும். உங்கள் தவுக்கே குறைத்தது உங்கள் நட்டம்.

ஆகவே நல்ல கட்டிப்பால் விற்பவருக்கு இரண்டு பக்கமும் லாபம், மட்டமானது விற்பவருக்கு ஒரு பக்கம் ஓட்டை. உறைய வைக்க ஃபார்மிக் அமிலம்தான் சரியானது. சிலர் மலிவாகக் கிடைக்கிறது என்று பேட்டரித் தண்ணியை, அதாவது கந்தக அமிலத்தை, ஊற்றுகிறார்கள். அது தண்ணீரை உள்ளேயே பிடித்து வைக்கிறது, நாற்றம் எடுக்கிறது, ரப்பரின் தரத்தையும் கெடுக்கிறது. தொழிற்சாலை அதைக் கண்டால் விலையைக் குறைக்கும், தவுக்கே அதை நம் தலையில் இறக்குவார். ஃபார்மிக் அமிலத்தையும் அப்படியே ஊற்றக் கூடாது. கடையில் கிடைப்பது 90 விழுக்காட்டை ஒட்டிய கெட்டி அமிலம். அதை 2 விழுக்காடாக்க ஒரு பங்கு அமிலத்துக்குத் தண்ணீர் ஏறக்குறைய 44 பங்கு வேண்டும். தண்ணீரை முதலில் ஊற்றி, பிறகு அமிலத்தைச் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் தெறிக்கும். பால் வடியும் மங்கில் பட்டை, இலை, மண் விழுந்திருந்தால் எடுத்துப் போடுங்கள். எடை கூடட்டும் என்று வேண்டுமென்றே போடுபவர்களும் உண்டு. தவுக்கே 30 வருடமாகக் கட்டிப்பாலை வெட்டிப் பார்க்கிறவர், அவரை ஏமாற்ற முடியாது. உறைந்த கட்டிப்பாலைச் சாக்கில் அடைத்துத் தரையில் போடாமல், நிழலில் தட்டியில் பரப்பி ஒரு வாரம் தண்ணீர் வடிய விட்டால் எடை குறையும், விழுக்காடு ஏறும். விழுக்காட்டுக்கு ஏற்ற விலை தரும் கடையாக இருந்தால் அதனால் நட்டமில்லை. எதைக் கொண்டு போனாலும் ஒரே விலை சொல்லும் கடையாக இருந்தால் ஈரத்தோடு விற்பதுதான் லாபம். ஆனால் அப்படிப்பட்ட கடை எல்லாரையும் 40 விழுக்காட்டுக்காரராக நினைத்துத்தான் விலை போடும்.

சரி, கார்டுக்கு வருவோம். பாட்-ஜி என்று நாம் சொல்வது ரப்பர் விற்பதற்கான அனுமதி. எல்.ஜி.எம். கொடுப்பது. திருட்டுப் பால் சந்தைக்கு வரக் கூடாது என்பது இதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. யார் நிலத்துப் பால், யார் வெட்டியது, யார் வாங்கியது என்ற தடம் இருக்க வேண்டும். நிலச் சொந்தக்காரரும் எடுக்கலாம், அடுத்தவர் நிலத்தில் வெட்டுபவரும் எடுக்கலாம். சொந்தக்காரருக்கு ஐ.சி. (அடையாள அட்டை), கிராண்டின் நகல், நிலவரி ரசீது, தன் பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவை வேண்டும். வெட்டுபவருக்கு இவற்றோடு நிலச் சொந்தக்காரரின் சம்மதக் கடிதமும் வேண்டும். பணம் குடிமக்களுக்குத்தான். வெளிநாட்டுத் தொழிலாளியை வைத்து வெட்டுபவர்கள் சொந்தக்காரர் கார்டில் ஒழுங்காக விற்க வேண்டும். தொழிலாளி சாக்கைத் தூக்கிக்கொண்டு போய் எந்தக் கார்டிலோ போட்டுவிட்டு வந்தால் உங்கள் கணக்கில் ஒன்றும் ஏறாது.

கார்டுக்குக் காலாவதி தேதி உண்டு. விலை நன்றாக இருக்கும் மாதங்களில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. விலை சரிந்து ஐ.பி.ஜி. திறக்கும் மாதம்தான் கார்டு காலாவதியானது தெரியவரும். புதுப்பிப்பதற்குள் அந்த மாதம் போய்விடும்.

முன்பெல்லாம் ரசீதுகளைக் கட்டிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது வாங்குபவர் ஆர்.ஆர்.ஐ.எம்.நியாகா என்ற கணினி முறையில் விற்பனையைப் பதிகிறார். வசதிதான். ஆனால் தப்பு நடந்தால் அது உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. கடையை விட்டுக் கிளம்பும் முன் ரசீதில் கார்டு எண், பெயர், தேதி, கட்டிப்பாலா தண்ணிப்பாலா என்ற வகை, எடை, கே.ஜி.கே. விழுக்காடு, விலை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கே.ஜி.கே. என்பதுதான் உலர் ரப்பர் விழுக்காடு. அடிக்கடி நடக்கும் தப்பு எது என்றால், ஒரே வீட்டில் அப்பாவுக்கும் மகனுக்கும் கார்டு இருக்கும். இரண்டு பேர் பாலையும் ஒரே லோரியில் கொண்டு போவார்கள். கடையில் உள்ள பையன் எல்லாவற்றையும் ஒரே எண்ணில் போட்டுவிடுவான். அடுத்தது தேதி. 31-ஆம் தேதி சாயங்காலம் எடை போட்டதை மறுநாள் காலையில் கணினியில் ஏற்றினால் அது அடுத்த மாதத்துக் கணக்கில் விழும் அபாயம் உண்டு. இந்த மாதம் 40 காசு, அடுத்த மாதம் விலை ஏறிப் பூச்சியம் என்றால், ஒரு ராத்திரியில் பணம் போய்விட்டது. மாதக் கடைசி நாளில் விற்பதை விட்டு இரண்டு நாள் முன்னதாகவே விற்றுவிடுவது நல்லது.

ஒரே கார்டில் அளவுக்கு மீறி ஏற்றுவதும் ஆபத்து. கார்டு இல்லாத பக்கத்து வீட்டுக்காரருக்கு உதவி செய்கிறேன் என்று அவர் பாலையும் தன் எண்ணில் போடுபவர்கள் உண்டு. இந்த நாட்டில் பராமரிப்பு சுமாராக உள்ள ரப்பர் நிலம் ஒரு ஹெக்டருக்கு ஆண்டுக்கு 1,000 முதல் 1,500 கிலோ வரை உலர் ரப்பர் கொடுக்கும். ஏக்கருக்குப் பிரித்தால் 400 முதல் 600 கிலோ. 50 விழுக்காட்டுக் கட்டிப்பாலாக மாற்றினால் மாதம் ஏக்கருக்கு 70 முதல் 100 கிலோ. மூன்று ஏக்கர் கார்டில் மாதம் 800 கிலோ ஏறினால் கேள்வி வரத்தான் செய்யும். கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கார்டுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

லோரியில் தோட்டத்துக்கே வந்து வாங்கும் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடை விலையைவிட 10 காசு கூட்டிக் கொடுப்பார்கள், ரசீது கேட்டால் சிரிப்பார்கள். 250 கிலோவுக்கு 25 வெள்ளி லாபம். அந்த மாதம் 40 காசு அறிவிக்கப்பட்டால் 100 வெள்ளி நட்டம். "விலைதான் நல்லா இருக்கே, ஐ.பி.ஜி. திறக்காது" என்பார்கள். மாதச் சராசரி, மாதம் முடிந்த பிறகுதான் தெரியும். விற்கும் நாளில் அது திறக்குமா திறக்காதா என்று சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. உரிமம் இல்லாதவரிடம் விற்பது சட்டப்படியும் தப்பு.

இந்தத் திட்டத்தில் எனக்கு இருக்கும் பெரிய குறை வேறு. இது விலைக்கான பாதுகாப்பு, விளைச்சலுக்கான பாதுகாப்பு அல்ல. பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிரும் காலத்தில் பால் குறையும். நாட்டில் பால் குறைவதால் விலை ஏறும். விலை ஏறினால் ஐ.பி.ஜி. கிடையாது. பாலும் இல்லை, தொகையும் இல்லை. 2017-லிருந்து மலேசியாவில் பரவும் பெஸ்டலோட்டியோப்சிஸ் இலையுதிர் நோய் வந்த நிலத்திலும் இதே நிலைதான். மழைக்காலத்துக்கு மட்டும் தனியாக ஓர் உதவி உண்டு: மழைக்கால உதவித்தொகை, 2023 வரவு செலவுத் திட்டத்தில் 600 வெள்ளியிலிருந்து 800 ஆக உயர்த்தப்பட்டது. இது விற்பனை ரசீதைப் பார்த்துக் கிலோ கணக்கில் கொடுப்பதல்ல, தீபகற்பத்தில் ரிஸ்டா, அதாவது ரப்பர் சிறுதோட்டக்காரர் மேம்பாட்டு ஆணையம், வழியாக வருவது. 1974 நவம்பரில் விலை சரிந்து வயிறு காய்ந்ததால்தான் இதே பாலிங் மாவட்டத்தில் சிறுதோட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். அன்றும் பிரச்சினை விலை, இன்றும் திட்டம் விலையைத்தான் பார்க்கிறது.

இனி கிராண்டு. நம்மவர்களுக்குப் பணம் வராமல் போவதற்கு இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் சில குடும்பங்கள் சீட்டுப் பணம், நகை என்று திரட்டி மூன்று நான்கு ஏக்கர் வாங்கின. அந்தத் துண்டாடலில் வேலை இழந்தவர்களுக்காகத்தான் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், அது தனிக்கதை. தனியாக வாங்கியவர்களின் நிலம் இன்றும் தாத்தா பெயரில் கிடக்கிறது. பேரன் வெட்டுகிறான், நிலவரியும் கட்டுகிறான், கார்டு கேட்டால் கிராண்டில் அவன் பெயர் இல்லை.

தாத்தா உயிரோடு இருந்தாலும் சிக்கல் வரும். கிராண்டில் பழைய அடையாள அட்டை எண் இருக்கும். 12 இலக்க எண் 1990-இல்தான் வந்தது. பெயரில் அங்கே எஸ்.ஓ. என்று இருக்கும், ஐ.சி.யில் ஏ.எல். என்று இருக்கும்; இரண்டுக்கும் 'மகன்' என்பதுதான் பொருள். கிராண்டில் முனியாண்டி ஒரு எழுத்துக்கூட்டில், வங்கியில் வேறு எழுத்துக்கூட்டில். கம்ப்யூட்டருக்கு இருவரும் வேறு வேறு ஆள். இதற்கு முதலில் நில அலுவலகத்தில் அதிகாரப்பூர்வத் தேடல் எடுத்து, பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒருவருடையதே என்று தேசியப் பதிவு இலாகாவில் உறுதி பெற்று, பெயர் வேறுபாட்டுக்குச் சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரத்தை இணைத்து, கிராண்டில் திருத்தம் கேட்க வேண்டும். கார்டு விண்ணப்பத்துக்கு முன் இதை முடித்துவிடுங்கள். பாதி வழியில் திருத்தினால் மூன்று இடத்தில் மூன்று பெயர் வந்து நிற்கும்.

தாத்தா இறந்துவிட்டால், உயில் இல்லையென்றால், வக்கீல் வைக்க வேண்டிய அவசியம் இல்லை. சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டம் 1955-இன் கீழ் நில அலுவலகத்திலேயே செய்யலாம். முன்பு 20 லட்சம் வெள்ளி வரையிலான சொத்துக்குத்தான் இந்த வழி. 2024-இல் 50 லட்சமாக உயர்த்திவிட்டார்கள், ஆகவே நம் நிலங்கள் எல்லாம் இதற்குள் அடங்கும். நிலம் உள்ள மாவட்டத்தில் போராங் ஏ பாரத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், கிராண்டின் தேடல், வாரிசுகள் எல்லாரின் ஐ.சி. நகல், சொத்துப் பட்டியல் இணைக்க வேண்டும். பிறகு விசாரணைக்குத் தேதி கொடுப்பார்கள். வாரிசுகள் வர வேண்டும். சிங்கப்பூரில் உள்ள அத்தை வர முடியாவிட்டால் போராங் டி.டி.ஏ.யில் சம்மதம் கொடுக்கலாம். அந்தக் கையெழுத்துக்காகத்தான் பல வழக்குகள் வருடக்கணக்கில் தூங்குகின்றன. முடிவில் போராங் இ என்ற பங்கீட்டு உத்தரவு கிடைக்கும். அதை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்துவிடக் கூடாது. நில அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் கிராண்டில் பெயர் மாறும்.

யாருக்கு எவ்வளவு? முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால் பங்கீட்டுச் சட்டம் 1958. இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இருந்தால் துணைவருக்கு நான்கில் ஒன்று, பெற்றோருக்கு நான்கில் ஒன்று, பிள்ளைகளுக்குப் பாதி. பெற்றோர் இல்லையென்றால் துணைவருக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பெண் பிள்ளைகளுக்கும் சமபங்கு. கட்டிக் கொடுத்துவிட்டோம், அவளுக்கு எதற்கு என்ற பேச்சு அந்த அறையில் எடுபடாது. அவர்களாகவே விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் அது வேறு.

மூன்று ஏக்கரை நான்கு பேருக்குத் தனித்தனி கிராண்டாகப் பிரித்துத் தரச் சொன்னால் முடியாது என்பார்கள். விவசாய நிலத்தைப் பொதுவாக 0.4 ஹெக்டருக்குக் கீழே பிரிக்கச் சட்டம் விடுவதில்லை. அது ஏறக்குறைய ஒரு ஏக்கர். அப்போது ஒரே கிராண்டில் நான்கு பெயர் பங்கோடு ஏறும். வெட்டுபவர் ஒருவர் பெயரில் கார்டு எடுக்க மற்ற மூவரும் சம்மதக் கடிதம் தர வேண்டும். ஐ.பி.ஜி. பணம் கார்டுக்காரர் கணக்கில்தான் விழும். உள்ளுக்குள் எப்படிப் பிரிப்பது என்பதை அப்போதே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. 100 வெள்ளிக்குப் பேசாமல் போன அண்ணன் தம்பிகள் இந்த ஊரில் குறைவில்லை.

வங்கிக் கணக்கைப் பற்றி இரண்டு விஷயம். எல்.ஜி.எம்.மும் ரிஸ்டாவும் வேறு வேறு அமைப்புகள், பதிவுகளும் வேறு. வங்கி மாற்றினால் இரண்டு இடத்திலும் தெரிவிக்க வேண்டும். ஒன்றில் சொன்னால் மற்றதற்குப் போய்ச் சேரும் என்று இருந்துவிடக் கூடாது. மறு நடவு உதவியும் ரிஸ்டாவிடம்தான். அது ஒரேயடியாகக் கையில் தரும் காசு அல்ல. மரம் அழித்தது, நட்டது, களை எடுத்தது என்று ஒவ்வொரு கட்டமும் பார்வையிட்ட பிறகு கன்று, உரம் என்று பொருளாகவும் தவணையாகவும் வருவது. பார்வையிட வருவதற்கு முன்பே மரத்தை வெட்டிவிட்டால் விண்ணப்பம் சிக்கலாகும். இரண்டாவது விஷயம், உதவித்தொகைக்கென்று திறந்து பிறகு தொடாமல் விட்ட கணக்கு. 12 மாதம் எந்த நடவடிக்கையும் இல்லையென்றால் வங்கி அதைச் செயலற்ற கணக்காக்கிவிடும்; அப்படியானால் வரும் பணம் திரும்பிப் போகலாம். ஏழு ஆண்டு தொடாமல் கிடந்தால் உள்ளே இருந்த பணம் உரிமை கோரப்படாத பணமாகத் தலைமைக் கணக்காளர் இலாகாவுக்குப் போய்விடும். திரும்ப வாங்க முடியும், ஈகூமிஸ் என்ற இணையப் பக்கத்தில் ஐ.சி. எண்ணைப் போட்டுத் தேடலாம். இறந்த அப்பாவின் எண்ணையும் போட்டுப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் "ஐ.பி.ஜி. சரிபார்க்க" என்று வரும் லிங்கை மட்டும் தொடாதீர்கள், வங்கிக் கடவுச்சொல் கேட்கும் எந்தப் பக்கமும் அரசாங்கத்துடையது அல்ல.

ரப்பரை அழித்துச் செம்பனை போட்டவர்களுக்கு: இந்தக் கணக்கு எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. செம்பனைக்கு விலை இடைவெளியை நிரப்பும் ஐ.பி.ஜி. கிடையாது. பழம் விற்க எம்.பி.ஓ.பி., அதாவது மலேசியச் செம்பனை வாரியத்தின், உரிமம் வேண்டும், 2020-லிருந்து எம்.எஸ்.பி.ஓ. என்ற நிலைத்தன்மைச் சான்றிதழும் கட்டாயம், சிறுதோட்டக்காரர்களைக் குழுவாகச் சேர்த்து எம்.பி.ஓ.பி. அதைச் செய்து தருகிறது. பாதி நிலத்தில் பனை, பாதியில் பால்மரம் என்றால் பாட்-ஜி பதிவில் உள்ள ஏக்கரைக் குறைத்துத் திருத்தச் சொல்லுங்கள். ஐந்து ஏக்கர் ரப்பர் என்று பதிவில் இருந்து, பார்வையிட வரும் அதிகாரி இரண்டரை ஏக்கரில் பழக்குலையைப் பார்த்தால், மீதி இரண்டரை ஏக்கரின் பாலுக்கும் சேர்த்துத்தான் கேள்வி கேட்பார்.